பச்சைக் கவுன் அட்டை

"ஹலோ... ஆமா, சலவைக்கடைதான். அந்தச் சாம்பல் கோட்டுக்குத்தானே? இன்னும் காயலைங்க. நாளைக்குச் சாயங்காலம் வந்து... என்ன? கோட்டு இல்லையா? அப்ப சட்டையா?... சட்டையும் இல்லையா? துணியே இல்லாம எதுக்குங்க சலவைக்கடைக்கு போன் போடுறீங்க?"

மதியச் சாப்பாடு முடிந்து தெருவே கண்ணயர்ந்திருந்த நேரம். அக்கா ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, வெளுத்து வந்த சட்டைகளின் கழுத்துப்பட்டையில் அடையாளச் சீட்டை ஊக்கால் குத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. இருந்தாலும் பால்காரர் முதல் நீதிபதி வரைக்கும் எல்லாருக்கும் அவள் சலவைக்கடை அக்காதான். கடையின் பின்பக்கம் அவளுடைய வீட்டுக்காரர் நீராவி இஸ்திரிப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெட்டி விடுகிற பெருமூச்சு அளவுக்குக்கூட அவர் வாய் திறக்கிறவர் இல்லை. தொலைபேசியின் மறுமுனையில் பேசுவது நமக்குக் கேட்காது. அதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை, அக்காவிடம் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பேச வாய்க்கிற இடைவெளி எப்போதும் கொஞ்சம்தான்.

"யாரு?... டாக்டரா?... பல் டாக்டரா? எனக்குப் பல்லெல்லாம் கெட்டியா இருக்கு தம்பி, வேணாம்... என் தங்கச்சியா? அவளுக்கு என்ன ஆச்சு?... ஓ, கடைவாய்ப்பல்லு. ஆமாமா, சின்ன வயசுலேருந்தே அவளுக்கு இனிப்புன்னா உசுரு... சரி... அவதான் இந்த நம்பரைக் கொடுத்தாளா? எதுக்கு? பல்லைப் பிடுங்க அக்காகிட்ட சம்மதம் வாங்கணும்னா?... இல்லையா. சரி, சொல்லுங்க.

"ம்... ம்... பழைய பத்திரிகையா? நீங்க சேக்குறீங்களா? எடைக்குப் போடவா?... ஐயோ, கோவிச்சுக்காதீங்க தம்பி, தெரியாமக் கேட்டுட்டேன்... ஆமா, மர்மக் கதை... 'கறுப்புக் கையுறை'யா? தெரியாம என்ன, மாசா மாசம் கடையில கிளிப்பு மாட்டித் தொங்கவிடுவாங்களே... முதல் இதழ்லேருந்து கடைசி இதழ் வரைக்கும் வச்சிருக்கீங்களா! அடேங்கப்பா. அத்தனையும் படிச்சாச்சா?... ஒண்ணுகூடவா படிக்கல?... பிரிச்சா முதுகு உடைஞ்சிரும்... சரி... பிளாஸ்டிக் உறையில போட்டு... வெயில் படாம... துணிக் கையுறை மாட்டிக்கிட்டுத்தான் தொடுவீங்களா? பல்லுக்குப் போடுறீங்களே, அதுவா?... அது வேற, இது வேறயா. சரி சரி. அப்ப அட்டையை மட்டும் பாத்துக்கிட்டே இருப்பீங்க... உங்க வீட்டம்மா ஒண்ணும் சொல்றதில்லையா?... பாவம்."

அக்கா அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். இந்த மாதிரி கிறுக்குகள் போனில் கிடைப்பது அவளுக்குப் பிடிக்கும். மதியத் தூக்கத்தைவிட அது உடம்புக்கு நல்லது என்பது அவள் கட்சி.

"ஞாயித்துக்கிழமை கண்காட்சியா?... நல்லது... அட்டைப்படத்தையெல்லாம் பெருசாக்கி, சட்டம் போட்டு... ஆமா... மேடையில யாரைக் கூப்பிடுறீங்க?... எந்த அட்டைக்கு?"

ஊக்கு சட்டையை விட்டுவிட்டு அக்காவின் கட்டைவிரலில் இறங்கியது.

"ஒண்ணுமில்ல தம்பி, ஊக்கு குத்திருச்சு. நீங்க சொல்லுங்க. பச்சைக் கவுன் அட்டையா?"

பழைய மர்மப் பத்திரிகை சேர்க்கிறவர்கள் அந்த இதழைக் கதையின் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. பச்சைக் கவுன் என்றால் போதும், பெரிய பெரிய மனிதர்கள்கூட நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள். அட்டையில் கரும்பச்சைக் கவுன் போட்ட ஒரு பெண் நிற்பாள். கையில் புகை விடுகிற கைத்துப்பாக்கி. காலடியில் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் மல்லாந்து செத்துக்கிடப்பான். விளக்கைக் கீழேயிருந்து அடிக்கவிட்டு வரைந்த படம். அவள் முகத்தில் பாதி மஞ்சள், பாதி கத்தரிப்பூ நிறம், கன்னத்தில் ஒரு மச்சம். புகையைக் காய்ந்த தூரிகையால் இழுத்திருப்பார் ஓவியர். தொட்டால் விரலில் ஒட்டும் போலிருக்கும். அவள் செத்தவனைப் பார்க்க மாட்டாள். பத்திரிகையைக் கையில் வைத்திருக்கிற ஆளைத்தான் பார்ப்பாள், அடுத்தது நீதான் என்கிற மாதிரி. அப்படிப் பார்த்ததற்காக யாரும் அவளைக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்தப் பெண் யார் என்பது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். இப்போது கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு நிற்பதும் அவளேதான்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா? யாரை?... என் தங்கச்சியையா!... ம்... எப்படிக் கண்டுபிடிச்சீங்க?... நாற்காலியில சாய்ச்சு, விளக்கைப் போட்டு, வாயைத் தொறக்கச் சொன்னதும்... ஓ... மச்சம் வலது கன்னத்துல. ஆமா, அவளுக்கு வலதுலதான்... துப்பாக்கி இடது கையில. ஆமா, அவ இடதுகைக்காரிதான். எழுதுறது, நறுக்குறது, என்னைக் கிள்ளுறது எல்லாம் அந்தக் கைதான்... அவளே ஒத்துக்கிட்டாளா?... வெக்கப்பட்டாளா! அவளா?... அதுக்கு நான் சாட்சி சொல்லுவேன்னு சொன்னாளா? அப்படியா சொன்னா?... இல்ல தம்பி, இருமல்."

இருமல் இல்லை. அக்காவுக்குக் காதுவரை சூடேறிவிட்டது.

கதை இதுதான். அக்காவும் தங்கையும் ஒரே முகஜாடை. கல்யாணத்துக்கு முன் அவர்கள் இருந்த வீட்டில் கீழ்த்தளத்தில் ஓர் அட்டைப்பட ஓவியர் குடியிருந்தார். மாதிரிக்கு ஆள் வைக்க வசதியில்லாதவர். தபால்காரரைக் கடத்தல்காரராகவும் வீட்டுச் சொந்தக்காரரைப் பிணமாகவும் வரைந்து பிழைத்தவர். ஒரு விடுமுறை மதியம், தங்கை காய்ச்சலில் படுத்துக்கிடந்தபோது, அவர் அக்காவைக் கூப்பிட்டு நிற்கவைத்து வரைந்தார். பத்திரிகை வெளிவந்தது. பார்த்தால் மச்சம் வலது கன்னத்தில், துப்பாக்கி இடது கையில். தெரு முழுக்க, இது மாடிவீட்டுச் சின்னவள் என்று முடிவு கட்டிவிட்டது. அப்பா தொண்டை வறள வறளச் சின்னவளைத் திட்டினார். அவள் அழுதாள், நான் இல்லை என்று சத்தியம் செய்தாள். பிறகு கடைக்காரர் அவளுக்கு மட்டும் எடை சரியாகப் போடுவதையும், மூலையில் நின்று சீட்டியடிக்கிற பையன்கள் அவளைக் கண்டால் வாயை மூடிக்கொள்வதையும் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு துப்பாக்கிக்காரி ஆகிவிட்டாள். அக்கா அப்பாவுக்குப் பயந்து முதலில் வாய் திறக்கவில்லை. பிறகு திறந்திருந்தாலும் நம்புவதற்கு ஆள் இல்லை.

அதையாவது விழுங்கிவிடலாம். விழுங்க முடியாதது இஸ்திரிப் பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அந்த இதழ் வந்த மாதத்திலிருந்துதான் வீட்டுக்காரர், அப்போது பக்கத்துத் தெருச் சலவைக்கடையில் வேலை பார்த்தவர், காரணமே இல்லாமல் அந்தத் தெருவில் நடமாட ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் பெண் கேட்டும் ஆள் அனுப்பினார். துப்பாக்கிக்காரிக்காகத்தான் வந்தான், பெரியவளைக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று தெருவே பேசிக்கொண்டது. கல்யாணமான புதிதில் அவருடைய தகரப்பெட்டியில், சட்டைகளுக்கு அடியில், பச்சைக் கவுன் இருந்ததை அக்கா தன் கண்ணால் பார்த்தாள். அவர் ஆசைப்பட்டது அவளை, கிடைத்தது நான். இதை அவள் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் எதையும் தானாகச் சொல்கிறவர் இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை தங்கை மேடையில் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நிற்பாள், இவர் முன்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார் என்று நினைத்ததும் அக்காவுக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு அவளுடைய முகம் திரும்ப வேண்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்.

"சொல்லுறேன் தம்பி, சாட்சி சொல்லாம எங்க போகப்போறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்த இதழ் இப்ப உங்ககிட்ட இருக்கா?... மேஜை மேலேயே இருக்கா? ரொம்ப நல்லதாப் போச்சு. கையுறை மாட்டிக்கிட்டாச்சா?... எடுங்க... அவளைப் பாக்காதீங்க. செத்துக்கிடக்கானே, அவனோட சட்டையைப் பாருங்க... அட, சட்டையை! வருஷக்கணக்கா அவ மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா சட்டை எங்கே கண்ணுல படும்... பாக்கெட்டு இருக்கா?... அவனோட எந்தப் பக்கம்?... வலது. சரியாப் பாருங்க... வலதுதானே? இப்ப உங்க சட்டையைப் பாருங்க... வெள்ளைக் கோட்டை விலக்கிட்டுப் பாருங்க தம்பி... எந்தப் பக்கம்?"

அக்கா பதிலுக்காகக் காத்திருந்தாள். அவசரமே இல்லாமல் காத்திருந்தாள்.

"இடது. ஆங்... தையக்காரர் தப்பாத் தைச்சிருக்கலாமா? பட்டனையும் பாருங்க. ஆம்பளச் சட்டையில இடது பக்கந்தானே மேல வரும்? அதுல எப்படி இருக்கு?... அதுவும் மாறியா? பாவம் அந்தத் தையக்காரர், எல்லாத்தையுமா தப்பாத் தைப்பாரு? நான் பாக்காத சட்டையா தம்பி? கழுத்துப்பட்டையை மோந்து பாத்தே யாரோடதுன்னு சொல்லுவேன்... இல்ல, ஓவியரும் தப்பா வரையல. அவரு வரைஞ்சது சரி. அச்சாபீஸ்ல படத்தையே திருப்பிப் போட்டுட்டாங்க...

"ஏன்னா கேக்குறீங்க? அந்தப் பத்திரிகைக்கு ஒரு சின்னம் உண்டே, கறுப்புக் கையுறை. அது எப்பவும் அட்டையில வலது பக்கம் வரும்... ஆமா, நீங்களே சொல்லுங்க, எந்த இதழ்லேருந்து இடது பக்கம் மாத்தினாங்க?... அதேதான்! பச்சைக் கவுன்லேருந்துதான்! ஓவியருக்கு யாரும் சொல்லல. அவரு துப்பாக்கியை வரைஞ்ச இடத்துலயே சின்னம் வந்து உக்காருது. கொலைகாரி கையில துப்பாக்கிக்குப் பதிலாக் கையுறையா? அச்சாபீஸ்காரர் படத்தை அப்படியே இடம் வலமா மாத்திப் போட்டுட்டாரு. கீழ் வீட்டுல அன்னிக்கு ஓவியர் போட்ட சத்தத்துல எங்க வீட்டுப் பாத்திரமெல்லாம் ஆடிச்சு."

கதவு மணி அடித்தது. ஒரு பெண்மணி திரைச்சீலை வாங்க உள்ளே வந்தாள்.

"தம்பி, ஒரு நிமிஷம். நீங்க அதுக்குள்ள அந்த அட்டையைக் கண்ணாடி முன்னாடி காட்டிப் பாருங்க... கை கழுவுற இடத்துல இருக்குமே, அந்தக் கண்ணாடி. தண்ணி படாமப் பாத்து... போங்க. வாங்கம்மா, திரைச்சீலைதானே? சீட்டு எங்கே?... வீட்டுல வச்சிட்டீங்களா? சீட்டு இல்லாட்டி எப்படிம்மா... சரி, கண்ணீர் விடாதீங்க, பூப்போட்டதுதானே, இந்தாங்க. அடுத்த தடவை சீட்டோட வாங்க... ஹலோ? பாத்தீங்களா?... ம்... ம்... கை ஆடுதா? ஏன் ஆடுது? பல்லு பிடுங்குற கை ஆடலாமா?

"இன்னொண்ணும் சொல்றேன், உக்காந்துக்கோங்க. அந்த அட்டையில ஓவியர் கையெழுத்து இல்லையே, ஏன்?... உங்க சங்கத்துல அதைப் பத்திப் பேசியிருக்கீங்களா?... கட்டுரையே வாசிச்சீங்களா! கீழ மூலையில இருக்குற கறை ரத்தம்னு... ரெண்டாவதா ஒரு கொலை நடந்திருக்குன்னு ஓவியர் குறிப்பாச் சொல்றாருன்னு... கை தட்டினாங்களா?... தம்பி, அது ரத்தம் இல்ல. திருப்பிப் போட்டா கையெழுத்தும் இடம் வலமா மாறித்தானே வரும்? வெளியில தெரிஞ்சா அசிங்கம்னு அது மேல மை பூசிட்டாங்க. அவ்வளவுதான்... ஹலோ?... டாக்டர் தம்பி?... மூச்சு விடுறீங்களா?"

அக்காவின் முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த கேள்வி என்ன என்று அவளுக்குத் தெரியும். அதற்காகத்தான் இவ்வளவு சுற்றி வந்தாள்.

"யாருன்னா? நீங்களே சொல்லுங்க. திருப்பிப் போட்டா மச்சம் எந்தக் கன்னத்துக்கு வரும்?... துப்பாக்கி எந்தக் கைக்கு வரும்?... அவகூடப் பிறந்தவங்க எத்தனை பேரு?... ஒரே ஒரு அக்கா. அவளுக்கு மச்சம் எங்கேன்னு எப்பவாவது வந்து பாருங்க, ஒரு கோட்டை எடுத்துக்கிட்டு வந்தீங்கன்னா வெளுத்தும் தர்றேன்... ஆமா... ஆமா, நான்தான்... சத்தியமா நான்தான்.

"கவுனா? அது ஓவியர் வீட்டு ஜன்னல் திரை. பின்னாடி முழுக்கத் துணிக்கிளிப்பு மாட்டியிருந்தாரு, திரும்பினா மானம் போயிரும்... துப்பாக்கியா? உடைஞ்ச தண்ணிக்குழாய். துருத்தண்ணி சொட்டுச் சொட்டா என் கால்ல விழுந்துச்சு... பிணமா? உருட்டுத் தலையணைக்கு ஓவியர் சட்டையை மாட்டினோம். நான்தான் பட்டன் போட்டேன். மூஞ்சியை அப்புறமா வரைஞ்சுக்கிட்டாரு... அந்தப் பார்வையா? என்னது?... 'பெண்ணின் ஆதிச் சினம்'னு எழுதியிருக்கீங்களா? ஐயோ தம்பி! அப்பா வீட்டுக்கு வர்ற நேரம். இன்னும் எவ்வளவு நேரமய்யா நிக்கிறதுன்னு ஓவியரைப் பாத்த பார்வை அது!"

மறுமுனைக்காரர் இதற்கெல்லாம் நொந்துபோயிருக்க வேண்டும். ஆனால் சேர்க்கிறவர்களின் மனசு வேறு மாதிரி. தவறாக அச்சானது என்றால் அவர்களுக்கு மதிப்பு இரண்டு மடங்கு. அக்கா ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்கவேண்டியிருந்தது.

"கத்தாதீங்க தம்பி, கேக்குது... சந்தோஷந்தான்... என்கிட்டயா? ஒரு பிரதி இருந்துச்சு... இப்ப இல்ல... எரிச்சிட்டேன்... ஹலோ?... ஆமா, எரிச்சிட்டேன், சலவைக்கடைக் கொதிகலன் அடுப்புல... நல்ல நிலையில இருந்ததாவா? ஆமா, ஒரு மடிப்புகூட இல்ல, அவரு அவ்வளவு பத்திரமா வச்சிருந்தாரு... தம்பி, தண்ணி குடிங்க. குடிச்சிட்டீங்களா?"

அக்கா திரும்பி இஸ்திரிப் பலகையைப் பார்த்தாள். பெட்டி சீறிக்கொண்டிருந்தது. அவள் ரிசீவரைச் சுற்றிக் கையைக் குவித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். முன்பின் தெரியாத பல் டாக்டரிடம் இதையெல்லாம் ஏன் சொல்கிறோம் என்று அவளுக்கே புரியவில்லை. ஒருவேளை பல் டாக்டரிடம் பேசினால் வாய் தானாகத் திறந்துகொள்ளுமோ என்னவோ.

"ஏன் எரிச்சேன்னா கேக்குறீங்க? அது எங்க வீட்டுக்காரர் பெட்டியில இருந்துச்சு தம்பி. கல்யாணம் ஆன புதுசு. ஊரே அது என் தங்கச்சின்னு சொல்லுது. அப்ப இவரும் அவளை நினைச்சுத்தானே வச்சிருக்காரு? அது நான்தான்னு சொல்லலாம்னு எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா நம்பணுமே. நம்பாம ஒரு சிரிப்பு சிரிச்சிட்டாருன்னா அப்புறம் நான் எங்கே போய் மூஞ்சியை வச்சுக்கிறது? என் மூஞ்சியைப் பாத்து மயங்கிட்டு, என்னையே ரெண்டாம் பட்சமா... அது என்ன சத்தம்?"

ரிசீவருக்குள் ஏதோ குழறியது.

"யாரு அழறது?... சிரிக்கிறாங்களா? உங்க ஆஸ்பத்திரியில பல்லு பிடுங்கினா சிரிப்பாங்களா?... என்னது?... ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா!... எப்போலேருந்து?... நாற்காலியில யாரு உக்காந்திருக்கிறது?... அவளா!"

அக்கா ரிசீவரைச் சுட்டதுபோல் உதறினாள், பிறகு பாய்ந்து பிடித்தாள். தங்கை அந்த நேரமெல்லாம் டாக்டரின் நாற்காலியில், வாய் நிறையப் பஞ்சோடு, மரத்துப்போன தாடையோடு படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அடியே! எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா இருந்தே?... ம்ம்-ங்கிறா. டாக்டர் தம்பி, பஞ்சை எடுக்காதீங்க. ஜென்மத்துல முதல் தடவையா நான் பேசி அவ கேக்கப்போறா. கேளுடி. என் மூஞ்சியை வச்சுக்கிட்டுத் தெருவை ஆட்டி வச்சே, போனாப் போகுதுன்னு விட்டேன். உன் பேரப்பிள்ளைங்ககிட்ட 'பாட்டி ஒரு ஆளைச் சுட்டிருக்கேன், பாலைக் குடி'ன்னு சொன்னே, அதையும் விட்டேன். இப்ப மேடையும் உனக்கா? அதுக்கு நான் சாட்சியா?... என்ன ம்ம்ம்? ம்ம்ம்ங்காதே! உன்னைப் பாக்கத்தான்டி அந்த மனுஷன் தெருத்தெருவா அலைஞ்சாரு! உன் படம்னு நினைச்சுத்தான்டி பெட்டிக்குள்ள வச்சிருந்தாரு!"

குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும் என்பதை அக்கா எப்போதோ மறந்துவிட்டாள். கடைசி வார்த்தை கடை முழுக்கக் கேட்டது. அப்போதுதான் இஸ்திரிப்பெட்டியின் சத்தம் நின்றிருப்பது அவள் காதில் விழுந்தது.

வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்தார். கையில் பாதி தேய்த்த ஒரு வெள்ளைச் சட்டை. கடை மேஜைக்கு எதிரே வந்து நின்று, சட்டையை விரித்துப் போட்டு, அதன் இடது மார்பில் இருந்த பாக்கெட்டை விரலால் தட்டினார். ஏதோ சொன்னார். அவர் குரல் எப்போதும் போலத் தாழ்வாகவே இருந்தது.

"என்னங்க?... பாக்கெட்டுக்கு என்ன?... வலது பக்கம் இருந்ததா? எதுல?... அது உங்களுக்கு எப்படி... எப்போ?"

அக்கா ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். அவர் சொன்னார். வாழ்நாளில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். கிளிப்பில் தொங்கிய அட்டையில் மற்றவர்கள் பெண்ணைப் பார்த்தார்கள், அவர் சட்டையைப் பார்த்தார். பகல் முழுக்கச் சட்டை தேய்க்கிறவன் கண்ணுக்கு வேறென்ன தெரியும். பாக்கெட்டு இடம் மாறியிருக்கவே, ஒன்று வாங்கிக்கொண்டுபோய்க் கடைக் கண்ணாடியில் காட்டினார். கண்ணாடியில் இருந்த பெண்ணுக்கு மச்சம் இடது கன்னத்தில். அதற்குப் பிறகுதான் அவளுடைய முகத்தையே பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். தெருவே சின்னவளைக் கைகாட்டியபோது அவர் இடது கன்னத்தில் மச்சம் உள்ளவளைத் தேடிக்கொண்டு மாடியைப் பார்த்தார். பெண் கேட்டு அனுப்பியபோது பெரியவளைத்தான் கேட்டார், பெரியவளைத்தான் கொடுத்தார்கள்.

"பின்னே ஏங்க இத்தனை வருஷமா ஒரு வார்த்தை... நான் எரிச்சது தெரியுமா?... சாம்பல்ல ரெண்டு இரும்பு ஊசி கிடந்துச்சா? பத்திரிகை முதுகுல குத்துற ஊசியா?... அதைப் பாத்துட்டு, அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கலைன்னு நினைச்சிட்டீங்களா?... கேட்டா வருத்தப்படுவேன்னா? ஐயோ, என்ன மனுஷங்க நீங்க! இதை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு எப்படித்தான் உங்களுக்குச் சோறு செமிச்சுதோ!"

திட்டிக்கொண்டே அக்கா அழுதாள். கண்ணைத் துடைக்க எதுவும் அகப்படாமல், யாரோ ஒரு வாடிக்கையாளரின் வெளுத்த சட்டைக் கையை எடுத்து நன்றாகத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்த கல்லு எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தாள், காணவில்லை. வீட்டுக்காரர் அந்தச் சட்டையை வாங்கி, மறுபடி வெளுக்கப் போட வேண்டிய கூடையில் போட்டார். ஆனால் பலகைக்குத் திரும்பிப் போகவில்லை, மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவளுடைய இடது கன்னத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொத்திய கைக்குள் ரிசீவர் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"ஹலோ... இருக்கேன் தம்பி, இருக்கேன். இங்க ஒரு சட்டை விவகாரம்... என்ன?... ஞாயித்துக்கிழமை மேடைக்கு நானா?... வண்டி அனுப்புறீங்களா?... உங்க சங்கத்துக்கே இது பெரிய கண்டுபிடிப்பா? ம்... கட்டுரையைத் திருத்தி எழுதப்போறீங்களா... அவ என்ன பண்றா?... பஞ்சு எடுத்தாச்சா?... பேச மாட்டேங்கிறாளா?... மூஞ்சி எப்படி இருக்கு?... பேரப்பிள்ளைங்களையெல்லாம் ஞாயித்துக்கிழமைக்கு வரச் சொல்லிட்டாளா? எல்லாரையுமா?... புதுச் செருப்பு வேற வாங்கிட்டாளா... ம்.

"தம்பி, பேனா இருக்கா? எழுதிக்கோங்க. பச்சைக் கவுன் அட்டையில நிக்கிறது என் தங்கச்சிதான். அதுக்கு நான் சாட்சி... ஆமா, அவளேதான்... நான் சொன்னதா? என்ன சொன்னேன்?... பாக்கெட்டா? எந்தப் பாக்கெட்டு?... ஓவியருக்குத் தையல் தெரியாது தம்பி, ஏதோ தப்பா வரைஞ்சிட்டாரு, பாவம்... கறையா? ரத்தந்தான், சந்தேகமே வேணாம், ரெண்டாவது கொலைதான்... மச்சம் எனக்கு இடதுலயா? வயசாச்சுல்ல, எந்தப் பக்கம்னு மறந்துபோச்சு... அழாதீங்க தம்பி. அவளும் அழறாளா? ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பஞ்சு கொடுத்துக்கோங்க... இல்லப்பா, எனக்கு மேடை எதுக்கு? பாக்க வேண்டிய ஆளு அப்பவே சரியாப் பாத்துட்டாரு... வைக்கட்டுமா? கடையில ஆளு நிக்கிது."